தேன் நிறத்தில் வடிந்த ஆயில்: ஒரு சனிக்கிழமை காலை நடந்த தவறு

பெங்களூருவில் சி.வி. ராமன் நகரை ஒட்டிய ஓர் அபார்ட்மென்ட்டில் 2024 மார்ச் மாதம் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர் என் பக்கத்துத் தளத்தில் குடியிருப்பவர். தன் காரின் இன்ஜின் ஆயிலை முதல்முறையாகத் தானே மாற்றப் போனார். அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதியதை அவரும் அவருடைய மைத்துனரும் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் நேரத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். தொழிற்சாலை ஒன்றின் வாகனப் பராமரிப்புப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அன்று நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அவர்கள் சொல்லிக் கேட்டது. பிறகு நடந்தது நான் நேரில் பார்த்தது.

பின்னணி

உரிமையாளருக்கு 38 வயது. மென்பொருள் வேலை. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். வண்டி 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், கையால் கியர் மாற்றுவது. அன்றைக்கு 71,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஏர் ஃபில்டர், பேட்டரி, வைப்பர், முன் பிரேக் பேட் எல்லாம் இரண்டு வருடமாக அவரே மாற்றி வந்தார், ஒழுங்காகவே செய்திருந்தார். இன்ஜின் ஆயிலை மட்டும் அதுவரை தானே மாற்றியதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலில் குழந்தைக்கு முடி இறக்க ஏற்பாடு. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அதற்காக மனைவியின் தம்பி சென்னையிலிருந்து சனிக்கிழமை காலை ரயிலில் வந்து, பத்து மணிவாக்கில் கே.ஆர்.புரத்தில் இறங்குவதாக இருந்தது. அதற்குள் வேலையை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவது இவருடைய திட்டம். வேலை, பயணம், விருந்தாளி மூன்றையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டது எவ்வளவு பாரம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

முந்தின வாரமே ஜே.சி. ரோட்டுக்குப் போய் ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்கான (பழைய ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் போல்ட்) புது வாஷர், 3.5 லிட்டர் ஆயில் கேன் எல்லாம் வாங்கி வந்திருந்தார். ஃபில்டரோடு சேர்த்து அந்த இன்ஜினின் கொள்ளளவும் 3.5 லிட்டர்தான். கியர் பாக்ஸின் கொள்ளளவு 2.2 லிட்டர். இந்த இரண்டு எண்களும் கையேட்டில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதல் எண்ணைத்தான் அவர் படித்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியைத் தூக்கிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை. சமதளம், பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், ஜாக்கியை நம்பாமல் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட். வண்டிக்கு அடியில் போவதற்கு முன் அசைத்தும் பார்த்திருக்கிறார். கவனக்குறைவான ஆள் என்று இவரை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காலை 6:45 முதல் 9:20 வரை

அடித்தகட்டைக் கழற்றிவிட்டு, முன் பம்பர் பக்கம் காலை நீட்டி, தலையை வண்டிக்கு உள்ளே வைத்துப் படுத்தார். முந்தின இரவு பார்த்து வைத்திருந்த படத்தில் ட்ரெயின் போல்ட் இடது பக்கம் இருந்தது. இவரும் தன் இடது பக்கம் பார்த்தார். அங்கே ஒரு போல்ட் இருந்தது.

பிசகு தொடங்கிய இடம் இதுதான். அந்தப் படம் வண்டியைக் கீழிருந்து பார்ப்பதுபோல, பம்பர் மேலே வரும்படி எடுத்தது. இவர் படுத்திருந்த வாக்கில் பம்பர் கால் பக்கம் இருந்தது. அதாவது படம் அவருக்குத் தலைகீழ். இந்த வண்டியில் இன்ஜின் டிரைவர் பக்கமும் கியர் பாக்ஸ் அதற்கு எதிர்ப்பக்கமும் குறுக்காக ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு போல்ட் உண்டு, இடைவெளி ஒன்றரை முழம் கூட இராது. இவர் கழற்றியது கியர் பாக்ஸின் போல்ட்டை.

கழற்றியது முதல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது வரை ஐந்து அறிகுறிகள் வந்தன. ஐந்தையும் அவர் பார்த்தார். இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே அதுதான்.

முதலாவது, வாஷர். வாங்கி வந்த புது வாஷர் அந்தப் போல்ட்டுக்குள் நுழையவில்லை, சிறியதாக இருந்தது. கடைக்காரர் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பழைய வாஷரையே துடைத்து மாட்டினார்.

இரண்டாவது, நிறம். 8,500 கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் ஆயில் டிகாஷன்போல இருக்க வேண்டும். தட்டில் விழுந்ததோ தேன் நிறத்தில், கொஞ்சம் கெட்டியாக, நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. போன முறை நல்ல ஆயிலாகப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறார்.

மூன்றாவது, வாடை. கியர் ஆயிலில் பற்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகம் கலந்த சேர்மானங்கள் இருக்கும். அதனால் அழுகிய முட்டை போன்ற ஒரு நெடி வரும். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இவருக்கும் நெடி தெரிந்தது. பக்கத்தில் இருந்த கழிவுநீர்க் குழாயிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டார்.

நான்காவது, அளவு. அடுத்து ஃபில்டரைக் கழற்றினார். ஃபில்டர் இன்ஜினில்தானே இருக்கிறது, அதனால் அதைச் சரியாகவே மாற்றினார். அதிலிருந்து கால் லிட்டர்போலக் கன்னங்கரேல் என்று ஆயில் கொட்டியது. தட்டில் தேன் நிறமும் கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. ஃபில்டருக்குள் அழுக்கு தங்கியிருக்கும், அதனால்தான் அது மட்டும் கறுப்பு என்று நினைத்தார். புது ஆயில் மூன்றரை லிட்டரையும் இன்ஜினில் ஊற்றிவிட்டு, பழையதைக் காலியான அதே கேனில் ஊற்றியபோது மூன்றில் இரண்டு பங்குதான் நிறைந்தது. மீதி ஓட்டத்தில் எரிந்து குறைந்திருக்கும் என்று முடிவு செய்தார்.

ஐந்தாவது, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி. மேல் குறிக்கும் மேலே, கைப்பிடி வரை ஆயில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அப்படியேதான் இருந்தது. இப்போதுதானே ஊற்றினோம், குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், ஸ்டார்ட் செய்தால் ஃபில்டருக்குள் போய் மட்டம் இறங்கும் என்று நினைத்தார்.

இந்த ஐந்து காரணங்களில் ஒன்றுகூட முட்டாள்தனமானதில்லை. புது ஆயில் தேன் நிறம்தான், இன்ஜின் ஓடஓட ஆயில் குறையும் என்பதும் உண்மை, ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் நிரம்பி மட்டம் இறங்குவதும் உண்மை. ஆனால் அது இறங்குவது கால் லிட்டர் அளவுக்கு. இங்கே கூடியிருந்தது மூன்று லிட்டருக்குக் கிட்ட. ஒன்றுமே தெரியாதவர் என்றால் வாஷர் பொருந்தாத இடத்திலேயே எழுந்து யாரையாவது கேட்டிருப்பார். இவருக்குப் பாதி தெரிந்திருந்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே போனது.

ஏழேமுக்கால் மணிக்கு நான் பால் வாங்கப் போனபோது பார்க்கிங்கில் அவரைப் பார்த்தேன். “உதவி வேணுமா?” என்று கேட்டேன். “இல்ல சார், முடியப் போகுது” என்றார். நான் மேலே வந்துவிட்டேன். தட்டு என் கண்ணில் படும் தூரத்தில்தான் இருந்தது. நான்கு அடி நடந்து குனிந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இது என் பங்கு, இதையும் பதிவில் வைக்க வேண்டும்.

9:20-க்கு ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சற்றுக் கனமாகச் சுற்றியது. சைலன்ஸரில் லேசான புகை. நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பினார்.

பழைய மெட்ராஸ் ரோடு, டின் ஃபேக்டரி

ஸ்டேஷன் வரை சுமார் 7 கிலோமீட்டர். போகும்போதே இரண்டாவது, மூன்றாவது கியர் விழும்போது கை தடுக்கியது என்று பிறகு சொன்னார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை போல ஒரு மெல்லிய சத்தம், விட்டால் நின்றுவிடும்.

கைக்கியர் பெட்டியில் பெரும்பாலும் ஆயிலைத் தள்ளிவிட பம்ப் கிடையாது. கீழே தேங்கியிருக்கும் ஆயிலில் பற்சக்கரங்கள் முங்கி எழுந்து, அந்தச் சிதறலில்தான் மேலே உள்ள பேரிங்குகளுக்கும் ஆயில் போய்ச் சேரும். மொத்த ஆயிலும் வடிந்த பிறகு, பற்களில் ஒட்டியிருக்கும் படலத்தை நம்பிச் சில கிலோமீட்டர் ஓடும். அது தேயத்தேய முதலில் காய்வது மேல் தண்டின் பேரிங். பல வண்டிகளில் ஐந்தாவது கியர், பெட்டியின் கடைசிக் கோடியில் தனி மூடிக்குள் இருக்கும். ஆயில் குறைந்தால் அந்த இடமும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இன்ஜினில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 800 முறை சுற்றும் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, வழக்கமாக ஆயில் மட்டத்தைத் தொடாமல் மேலே சுற்றும். இங்கே அது ஆயிலுக்குள் முங்கியே சுற்றியது, மோர் கடைவதுபோல. நுரைத்த ஆயிலை பம்ப் இழுத்தால் காற்றும் சேர்ந்து போகும், அழுத்தம் விழும். கூடுதல் ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் ஏறி, அங்கிருந்து சிலிண்டருக்குள் போய் எரியும். புகை வந்தது அதனால்தான்.

மைத்துனருக்கு 27 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறை ஒன்றில் வேலை. ஏறி உட்கார்ந்து அரைக் கிலோமீட்டர் போவதற்குள் கேட்டிருக்கிறார்.

“மாமா, என்னமோ ஊளையிடுற சத்தம் கேக்குதே. கியர் பாக்ஸா?”

“இல்ல மாப்ள. புது ரோடு, டயர் சத்தம்.”

டயர் சத்தம் இல்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்று உரிமையாளர் என்னிடம் ஒப்புக்கொண்டார். வண்டி வேலை நானே பார்ப்பேன் என்று மச்சினனிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அவனிடமே கேட்பதற்கு வாய் வரவில்லை. அந்த ஐந்து அறிகுறிகளையும் தாண்டியவர் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூடச் சேதம் குறைந்திருக்கும்.

டின் ஃபேக்டரி சந்திப்பில் வழக்கமான நெரிசல். பத்து நிமிடம் ஊர்ந்தார்கள். ஆயில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பின்னால் நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஒரு பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, “ஸார், ஹொகெ பர்த்தா இதெ” என்று புகையைக் காட்டினார். அப்புறம்தான் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார்.

மைத்துனர் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயிலில் நுரை இருந்தது.

“எவ்வளவு ஊத்துனீங்க மாமா?”

“மூன்றரை.”

“எவ்வளவு எடுத்தீங்க?”

இந்தக் கேள்விக்கு உரிமையாளர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு கேன் நிறையாததையும், நிறத்தையும், நெடியையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். “மாமா, அது கியர் ஆயில்” என்றார் மைத்துனர். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையனின் நிதானத்தை நான் மதிக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு கேலி வார்த்தை வந்திருந்தால் இவர் கோபத்தில் வண்டியை எடுத்திருக்கவும் கூடும்.

10:50-க்கு எனக்கு போன் வந்தது. “சார், ஒரு தப்பு ஆயிடுச்சு. மெதுவா ஓட்டிட்டு வந்துடலாமா, வேண்டாமா?”

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வீடு பக்கம்தான், ஆனால் காய்ந்த கியர் பெட்டி இறுகினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இறுகும்.

இரண்டாவது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மைத்துனர் அதைத்தான் யோசித்தார். முன் சக்கரங்களில் ஓடும் வண்டி இது. நியூட்ரலில் இழுத்தாலும் சக்கரத்தோடு சேர்ந்து பெட்டிக்குள் ஒரு தண்டு சுற்றும், ஆயில் இல்லாமல். அதனால் நான்கு சக்கரமும் ஏறும் தட்டு லாரியை வரச் சொன்னோம். 2,200 ரூபாய். ஒரு மணிக்கு வண்டி பார்க்கிங்குக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது, இன்ஜினில் கூடுதலாக உள்ளதை மட்டும் எடுப்பதா, முழுவதும் வடிப்பதா? பழையதும் புதியதும் கலந்து நுரைத்துப்போன ஆயிலை வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. முழுவதும் வடித்தோம். சரியான போல்ட்டைக் கழற்றியபோது, ஜே.சி. ரோட்டில் வாங்கிய வாஷர் அதற்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. கடைக்காரர் சரியாகத்தான் கொடுத்திருந்தார். அளவு ஜாடியில் வடித்ததில் 6 லிட்டருக்குச் சற்று மேல் வந்தது. ஃபில்டர் ஒரு மணி நேரம்கூட ஓடாதது, அதை அப்படியே விட்டோம்.

நான்காவது, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சில நொடி சுற்றினோம். சிலிண்டருக்குள் ஆயில் தேங்கியிருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வந்துவிடும். தேங்கியபடியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் திரவத்தை அழுத்தப் பார்க்கும், திரவம் அழுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இரண்டு பிளக் நனைந்திருந்தன, துடைத்து மாட்டினோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியிலும் த்ராட்டிலிலும் ஆயில் ஒட்டியிருந்ததைச் சுத்தம் செய்தோம்.

ஐந்தாவது, கியர் பாக்ஸ். முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைத் திறந்தோம். எப்போதும் இந்த வரிசைதான். கீழே வடித்துவிட்டு மேலே உள்ளது திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அன்றைக்கு அதுவும் இறுகித்தான் இருந்தது, எண்ணெய் விட்டு இருபது நிமிடம் ஊறிய பிறகு திறந்தது. பின்பு கீழ்ப் போல்ட்டைத் திறந்ததில் ஒரு டம்ளர் அளவுகூட வரவில்லை. வந்ததில் வெள்ளித் தூள் மினுங்கியது. போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை இருந்தது. அது எல்லா வண்டியிலும் இருக்கும். ஆனால் அதோடு நகத் துணுக்குபோல இரண்டு மெல்லிய செதில்களும் இருந்தன. அவை இருக்கக் கூடாதவை.

வடித்த கியர் ஆயிலையே வடிகட்டி மறுபடி ஊற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். இன்ஜினின் அழுக்கு ஆயில் கால் லிட்டர் அதில் கலந்திருந்தது, வேண்டாம் என்றேன். மைத்துனர் மாலையில் ஜே.சி. ரோட்டுக்குப் போனார். கடையில் ஜி.எல்-5 தரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கையேட்டில் ஜி.எல்-4 என்று இருப்பதைக் காட்டி அதைத்தான் வாங்கி வந்தார். கந்தகச் சேர்மானம் அதிகமுள்ள ஜி.எல்-5, கியர் சீராக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அவசரத்தில் இன்னொரு தவறு சேராமல் தடுத்தது அவருடைய பிடிவாதம்.

பெட்டியை உடனே பிரிப்பதா, ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதா என்பதில்தான் கருத்து வேறுபட்டது. எனக்குத் தெரிந்த அல்சூர் மெக்கானிக் ஒருவருக்குச் செதில்களின் படத்தை அனுப்பினேன். “பிரிச்சிடுங்க சார், பேரிங் போயிருக்கும்” என்றார். ஓடியது 9 கிலோமீட்டர்தான், பெரும்பாலும் குறைந்த வேகம், ஆயில் ஊற்றி 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி வடித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நான் சொன்னேன். உரிமையாளர் என் பேச்சைக் கேட்டார்.

தரையில் சிந்திய ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மாதம் பெங்களூருவில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. தண்ணீர் இருந்திருந்தாலும் தரையைக் கழுவிவிடுவது தவறு. பார்க்கிங்கின் வடிகால் எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகிறது, ஆயில் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் கெடும். மரத்தூள் கொட்டி உறிஞ்சவைத்து அள்ளினோம். வடித்த ஆயில் எல்லாவற்றையும் மூடிய கேன்களில் அடைத்து மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு, அதை மறுசுழற்சிக்கு எடுக்க உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பின்னால் நடந்தவை

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் பஸ்ஸில் போய் முடி இறக்கிவிட்டு வந்தார்கள்.

இன்ஜின் தப்பித்தது. முதல் பத்து நிமிடம் புகைந்தது, சைலன்ஸருக்குள் படிந்தது எரிந்த பிறகு நின்றுவிட்டது. கிராங்க் சீலில் கசிவு வருகிறதா என்று இரண்டு வாரம் அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம், வரவில்லை. புகைப் பரிசோதனையும் செய்தார். பி.எஸ்-4 மாசு விதிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது.

கியர் பாக்ஸ் தப்பிக்கவில்லை. ஆயில் ஊற்றியதும் ஊளை பாதியாகக் குறைந்தது, ஆனால் ஐந்தாவது கியரில் தங்கிவிட்டது. மூன்று வாரத்தில் 280 கிலோமீட்டர் ஓடியபின் வடித்துப் பார்த்தோம். ஆயிலில் மறுபடியும் மினுமினுப்பு. அல்சூர் மெக்கானிக்கே பெட்டியை இறக்கினார். மேல் தண்டின் பேரிங்கிலும் ஐந்தாவது கியர்ப் பக்கப் பேரிங்கிலும் உருளைகள் ஓடும் பாதை உரிந்திருந்தது. பற்கள் நன்றாக இருந்தன. இரண்டு பேரிங், சீல்கள், கூலி எல்லாம் சேர்த்து 15,800 ரூபாய்.

மெக்கானிக் சொன்னதே சரி. செதிலைக் கண்ணால் பார்த்த பிறகு மூன்று வாரம் தள்ளிப் போட்டதில் ஒரு முறை ஊற்றிய கியர் ஆயில் வீணானது. இரும்புத் தூள் கலந்த ஆயிலில் மற்ற பேரிங்குகளும் அத்தனை நாள் சுற்றின. பேரிங் செலவு எப்படியும் வந்திருக்கும். ஆனாலும் இன்று அதே செதில்களைப் பார்த்தால் உடனே பிரிக்கச் சொல்வேன்.

மொத்தக் கணக்கு: தட்டு லாரி 2,200, இன்ஜின் ஆயில் மறுபடி 1,950, கியர் ஆயில் இரண்டு முறை 2,600, துப்புரவுச் சாமான்கள் 450, பெட்டி வேலை 15,800. ஆக 23,000 ரூபாய். வேலையைத் தானே செய்ததில் அவர் மிச்சப்படுத்த நினைத்தது சுமார் 900 ரூபாய் கூலி.

எந்தக் கட்டத்தில் நின்றிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்றும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். வாஷர் பொருந்தாதபோது நிறுத்தியிருந்தால் கியர் ஆயில் மட்டும், 1,300 ரூபாய். டிப்ஸ்டிக்கைப் பார்த்தபோது நிறுத்தியிருந்தால் 3,250. மைத்துனரை மெட்ரோவில் வரச் சொல்லியிருந்தால் லாரிக்கோ பேரிங்குக்கோ வேலையே இல்லை. கே.ஆர்.புரத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பையப்பனஹள்ளிக்கு மெட்ரோ வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு கணக்கை மட்டும் நாங்கள் போடவில்லை. டின் ஃபேக்டரியில் நெரிசல் இல்லாமல் அன்று வீடு வந்து சேர்ந்திருந்தால், மறுநாள் காலை குழந்தையோடு ஐந்து பேர் அந்த வண்டியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போயிருப்பார்கள். இதை அவருடைய மனைவிதான் சொன்னார். அதன் பிறகு அந்த அறையில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மாற்றியிருப்பவை

இடம், வலம் என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்கிறோம். இந்த வண்டியில் இன்ஜினின் ஆயில் சம்ப், மெக்கானிக்குகள் சேம்பர் என்பது, கறுப்பு வண்ணம் பூசிய தகட்டுத் தொட்டி. கியர் பாக்ஸ் வரிவரியாக விளிம்பு வைத்து வார்த்த அலுமினியம். ஆயில் ஃபில்டர் எதில் திருகியிருக்கிறதோ அது இன்ஜின். உரிமையாளர் இன்ஜின் போல்ட்டில் வெள்ளையும் கியர் பாக்ஸ் போல்ட்டில் மஞ்சளும் பூசி வைத்திருக்கிறார்.

எதையும் கழற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மட்டத்தையும் நிறத்தையும் எழுதி வைக்க வேண்டும். அன்று அவர் செய்யாமல் விட்ட மிக எளிய காரியம் இதுதான். “குறிக்குள் இருக்கிறது, கறுப்பு” என்று எழுதியிருந்தால், தேன் நிறத்தில் வடிந்தபோது எந்தக் காரணமும் எடுபட்டிருக்காது. வடித்ததை முதலில் அளந்துவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும். ஊற்றும்போதும் முழுக் கேனையும் கவிழ்க்காமல் இரண்டரை லிட்டரில் நிறுத்தி மட்டம் பார்க்க வேண்டும். வாங்கிய சாமான் பொருந்தவில்லை என்றால் கடைக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன், கையில் இருக்கும் போல்ட் மேல் சந்தேகப்பட வேண்டும். வண்டி வேலை செய்த அன்று யாரையும் அழைத்து வருவதாக ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் கட்டடத்தில் சொந்தமாக வண்டி வேலை பார்ப்பவர்கள் ஆறு பேர். போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபடி ஒரு படம் எடுத்து மற்றவர்களில் ஒருவருக்காவது அனுப்பி, பதில் வந்த பிறகே திருகுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த யோசனையைச் சொன்னது உரிமையாளர்தான். நானும் அனுப்புகிறேன். 22 வருட அனுபவம் இருந்தால் அனுப்ப வேண்டாம் என்று விதிவிலக்கு வைத்தால், அடுத்து அனுப்பாமல் இருப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த ஆயில் மாற்றத்தை அவரே செய்தார். வெள்ளைப் பொட்டு வைத்த போல்ட். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்பத்தூரிலிருந்து மைத்துனர் வீடியோ அழைப்பில் இருந்தார்.

“என்ன கலரு மாமா?”

“கறுப்பு மாப்ள. டிகாஷன் மாதிரி இருக்கு.”

அளவு ஜாடியில் 3.2 லிட்டர் வந்தது. எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் புது கேனின் மூடியைத் திறந்தார்.